மூளிச் சேவல்

"எங்க ஆத்தா மேல ஆணையாச் சொல்றேன், நான் அதை…"

"செத்துப் போனவுகளை எதுக்குக்கா இழுக்குற? இருக்கிறவுக மேல…"

"…தொட்டிருந்தாத்தானடி! உன் சேவலைத் தொட்டா எனக்குல்ல கை நாறும்!"

"அப்ப றெக்கை தானா உதுந்துச்சா? கத்தரிச்சாப்புல வரிசையாவா உதுரும்?"

"அதுகிட்டயே கேளு! சாமி சேவலாச்சே, வாயைத் தொறந்து சொல்லுமில்ல!"

கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் ஒச்சம்மாள், இந்தப் பக்கம் பொன்னழகு. ஒருத்தி முடிக்கும் முன்னே மற்றவள் ஆரம்பித்துவிடுவதால், தண்ணீருக்குப் போன பெண்களுக்கு யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. இருந்தாலும் இடுப்பில் குடத்தோடு நின்று கேட்டார்கள்.

சண்டைக்குக் காரணமான செவலைச் சேவல் வேலியோரம்தான் இருந்தது. அது ஒரு எம்பு எம்பியது. முழங்கால் உயரம் போனதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வேலிக்கடியில் தோளடித்து விழுந்தது. எழுந்து உதறிக்கொண்டு, தனக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல் மறுபடி எம்பியது. மறுபடி விழுந்தது.

அதைப் பார்த்ததும் ஒச்சம்மாளுக்குக் கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லா வேணும். மூளியாப் போச்சுல்ல? இனியாச்சும் வீட்டோட கெடக்கட்டும்."

பொன்னழகின் கை தானாகக் கழுத்துக்குப் போய்த் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

விளிம்பு உடைந்த சட்டியும் மூளிதான். தாலி இறங்கிய கழுத்தும் மூளிதான். சொன்னவள் எதை நினைத்துச் சொன்னாளோ, கேட்டவளுக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான்.

"யாரை மூளிங்குற?"

"சேவலைத்தான். வேற யாரை?"

"யாரைடி மூளிங்குற, ஒச்சம்மா?"

குடத்துப் பெண்களில் ஒருத்தி "ஆத்தாடி" என்று வாயில் கை வைத்தாள். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து ஒச்சம்மாளை அக்கா என்பதைத் தவிர வேறு சொல்லால் கூப்பிடாத வாய். வேலி விழுந்து, பேச்சு நின்று, சட்டி பானை வேறாகிப் போன பிறகும் அந்த ஒரு சொல் மட்டும் வேலிக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. இன்றைக்கு அதுவும் போயிற்று.

ஒச்சம்மாளின் சிரிப்பு அணைந்துவிட்டது. "பேரு சொல்ற அளவுக்கு வளந்துட்டியா? நல்லாருக்கு. நல்லாருடி."

ஒச்சம்மாளின் புருசன் வேலுசாமியும் பொன்னழகின் புருசன் மலைச்சாமியும் கூடப் பிறந்தவர்கள். நிலம் பாகம் பிரித்தபோது கிணற்றுப் பங்கில் மனக்கசப்பாகி, மூத்தவர் வேலுசாமி தோட்டத்துக்குக் குறுக்கே கிளுவைக் குச்சி ஊன்றினார். குச்சி தழைத்து வேலியானது. அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

போன வருசம் பங்குனியில் மலைச்சாமி தன் பங்குக் கிணற்றை ஆழப்படுத்த வேட்டு வைத்தார். ஒரு வேட்டு வெடித்தது. இன்னொன்று வெடிக்கவில்லை. வெடித்த வேட்டில் பாறை சரிந்து அவரை அமுக்கிவிட்டது. வெடிக்காத வேட்டுக்குப் பயந்து ஊரே கிணற்று மேட்டில் நின்றபோது, கயிற்றைப் பிடித்து இறங்கித் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியவர் வேலுசாமி. ஏற்றிவிட்டார், பேசாமல் போய்விட்டார்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பிழைத்தால் உண்டு என்றார்கள். பொன்னழகு அங்கேயே தரையில் விழுந்து வடக்கே பார்த்துக் கும்பிட்டாள். "எல்லைக் கருப்பா, என் கழுத்தை மூளியாக்காம இந்த மனுசனை எந்திரிச்சு நடக்க விடு. உனக்கு முழுச் சேவல் தாரேன்."

மலைச்சாமி எழுந்தார். கம்பு ஊன்றி நடந்தார். செவலைக் குஞ்சு ஒன்று நேர்ந்துவிடப்பட்டது. நேர்ந்துவிட்டதை யாரும் விரட்டக்கூடாது, அடைக்கக்கூடாது, அதற்கு வேலி கிடையாது. அது வேலுசாமி வீட்டு மிளகாய் நாற்றங்காலில் இறங்கிக் கிளறியது. ஒச்சம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அது போகிற இடத்துக்கெல்லாம் பொன்னழகின் மற்றக் கோழிகளும் பின்னாலேயே போனபோதுதான் வாயைத் திறந்தாள். "சாமி சேவல் ஒண்ணு சரி. கூட வர்றதெல்லாம் யாரு, பூசாரிமாரா?"

ஆடி பிறந்துவிட்டது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. கருப்பனுக்குப் படையல். இன்றைக்குக் காலையில்தான் சேவலின் இடது சிறகு வெட்டிக் கிடக்கிறது.

"முழுச் சேவல்னு நேந்தேன்," என்று பொன்னழகு கத்தினாள். குரல் உடைந்தது, உடைந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. "வெள்ளிக்கிழமைன்னு தெரிஞ்சு, வேணுமின்னே வெட்டிருக்க. என் புருசன் எந்திரிச்சது உனக்குப் பொறுக்கல."

"உன் புருசனைத் தூக்குனதே என் புருசன்தாண்டி!"

"தூக்குனாக. அதுக்குத்தான் இப்ப நீ திருப்பி அமுக்குற. வா, பூசாரிகிட்டப் போவோம். அங்க வந்து சொல்லு."

"வாரேன். எனக்கென்ன பயமா? அடுப்புல வெஞ்சனம் கெடக்கு, கருகுனாக் கருகட்டும், வாரேன்!"

சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பொன்னழகு முன்னால் நடந்தாள். கொண்டையை அள்ளி முடிந்துகொண்டே ஒச்சம்மாள் பின்னால் வந்தாள். குடங்களும் வந்தன.

எல்லைக் கருப்பன் வடமதுரை ரோட்டுக்குப் போகிற வண்டிப்பாதையில், உடைமரத்து நிழலில், கூரையில்லாமல் நிற்பவர். பூசாரி பொம்மையன் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். சேவலைப் பார்த்ததும், "என்ன, வெள்ளிக்கிழமை விருந்தாளி புதன்கிழமையே வந்துட்டாரு?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பொன்னழகு சேவலின் இடது சிறகை விரித்துக் காட்டினாள்.

பொம்மையன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். வலது சிறகை விரித்தார். விசிறி மாதிரி முழுதாக இருந்தது. இடதை விரித்தார், நீள இறகுகள் அத்தனையும் நடுத்தண்டோடு போயிருந்தன. மேலே மூடுகிற சின்ன இறகுகளைத் தொடவில்லை. சிறகை மடக்கிவிட்டால் வெட்டியது வெளியே தெரியாது.

"ரத்தம் வந்திருக்கா?"

"இல்ல பூசாரியண்ணே."

"ரத்தம் வரல. ஆனா மூளிதான்," என்றார் பொம்மையன். "முழுச் சேவல்னு நேந்துட்டு இதை எப்படித்தா வெட்டுறது? வேற சேவலும் ஆகாது. இது அவரு பார்த்து வச்சது."

"றெக்கை திரும்ப முளைக்காதா?"

"இது இறகு உதுத்துப் புதுசு போடணும். மாசக் கணக்காகும். அதுவரைக்கும் நேர்ச்சை அந்தரத்துல தொங்கும். கருப்பன் எதைக் குடுத்தாரோ, அதைத் திருப்பிக் கேப்பாரு."

பொன்னழகு ஒச்சம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்க. நல்லாக் கேட்டுக்க."

"ஒரு வழி இருக்கு," என்றார் பொம்மையன். "எந்தக் கை கத்தரியைப் பிடிச்சுச்சோ, அந்தக் கைதான் வெள்ளிக்கிழமை சேவலைத் தூக்கியாரணும். ஈரத்துணியோட. ஊர் பாக்க, அவரு காலடியில வச்சு, 'தப்புப் பண்ணிட்டேன், பொறுத்துக்க'ன்னு கேக்கணும். அப்ப மூளியும் முழுசாகும். வேற ஆளு போயிக் கேட்டாச் செல்லாது."

"ஈரச்சேலை!" பொன்னழகுக்கு உடம்பு முழுக்க ஒரு வெறி ஏறியது. "ஊர் பாக்க! கேட்டுச்சா ஒச்சம்மா? நல்ல சேலையா எடுத்து வையி."

"வெட்டுனவ கட்டுவா."

"நீதான் வெட்டுன."

"நான் வெட்டுனா எப்படி வெட்டுவேன்னு ஊருக்கே தெரியும்!" ஒச்சம்மாள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, எங்க வீட்டுக் கோழிகளைப் பாத்திருக்கீகள்ல? ரெண்டு பக்கமும் மழிச்சு விட்டிருப்பேன். அப்பிடியிருந்தும் அந்தக் கழுதைக வேலிக்கு மேல ஏறி இவ காயப்போட்ட கம்பைத் தின்னுட்டு வருதுக. ஒத்த றெக்கைய மட்டும் வெட்டுற வித்தையெல்லாம் எனக்கு எங்க தெரியும்?"

ஒன்றிரண்டு பேர் தலையாட்டினார்கள். பொன்னழகுக்கு அந்தத் தலையாட்டல் பொறுக்கவில்லை.

"நேத்து ரெண்டு வெட்டுனவ இன்னைக்கு ஒண்ணு வெட்டிருப்ப. பாதியில சேவல் நழுவிருக்கும். வாயால பேசுறது யாருக்கும் வரும். சூடம் ஏத்திச் சொல்லு பாப்போம்."

"சொல்றேன். கொண்டாங்க பூசாரியண்ணே."

பொம்மையன் கல் மேல் சூடத்தை வைக்கப் போனார்.

"கல்லுல இல்ல," என்றாள் பொன்னழகு. "கையில."

பொம்மையனே, "வேணாம்த்தா, கல்லுல எரியுறதைக் கையால அடிச்சு அணைச்சாலே சத்தியந்தான்," என்றார்.

"கையில ஏத்திச் சொல்லச் சொல்லுங்க. சுத்தமான கைக்குச் சூடம் சுடாது."

ஒச்சம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். வலது உள்ளங்கையை நீட்டினாள். சூடம் எரிந்தது. அவள் கையை ஆட்டவில்லை. தாடை மட்டும் இறுகி இறுகி அசைந்தது.

"கருப்பா, நான் இந்தச் சேவலைத் தொடல. நான் மட்டுமில்ல, எங்க வீட்டுக் கை எதுவும் இது மேல படல. பட்டிருந்தா எங்க வீட்டு விளக்கு அணைஞ்சு போகட்டும்."

சொல்லி முடித்து, அவசரப்படாமல் கையை மூடினாள். மூடிய விரல்களுக்கு நடுவே புகை வந்தது. திறந்தபோது உள்ளங்கை நடுவில் கொப்புளம் எழுந்திருந்தது.

"போதுமா?" என்றாள். "இல்ல, இன்னொரு கையும் வேணுமா?"

பொன்னழகு வாயைத் திறப்பதற்குள் பொம்மையன் சேவலைத் தூக்கி மேலே எறிந்தார். அது சிறகடித்தது, சாய்ந்தது, ஒரு பக்கமாகச் சுற்றி விழுந்தது.

"பாத்தீகளா?" என்றார். "ரெண்டையும் வெட்டுனா சமமாப் போயிருக்கும். சாஞ்சு விழணும்னு தெரிஞ்சே ஒத்தையை வெட்டிருக்கான். இது எங்கயோ கேட்டுப் படிச்ச கை."

எங்கயோ கேட்டு.

ஆஸ்பத்திரி. பக்கத்துக் கட்டிலில் ஆரோக்கியதாஸ். சர்ச்சு சாமியார் பங்களாவில் கோழி வளர்க்கிற மனுசர். வாய் ஓயாத பேச்சு. பொன்னழகு கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். "ரெண்டு றெக்கையும் வெட்டுறவன் விவரமில்லாதவன் மலைச்சாமி. ஒத்தையை வெட்டணும். எந்திரிக்கப் பாக்கும், சாயும், அப்புறம் வேலிப் பக்கமே போகாது." கட்டிலில் படுத்திருந்தவர் வலியையும் மறந்து, "அப்பிடியா? நல்லாருக்கே!" என்று சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு. அதனால்தான் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

பொன்னழகு குனிந்து சேவலை எடுத்தாள். யாரையும் பார்க்காமல் நடந்தாள்.

"ஏ பொன்னழகு!" பின்னால் ஒச்சம்மாளின் குரல் விரட்டியது. "சத்தியம் வாங்குனவ பதில் சொல்லாமப் போனா என்ன அர்த்தம்? ஏ! பேரு சொல்லிக் கூப்பிட்டீயே, இப்பக் கூப்பிடு!"

வீட்டு முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மலைச்சாமி முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆடி வெயிலிலும் கறுப்புச் சட்டை. சாமி இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிற இயக்கத்தில் சேர்ந்ததிலிருந்து அவருக்கு வேறு நிறச் சட்டை கிடையாது. நேர்ச்சை விஷயம் தெரிந்தபோது, "உன் இஷ்டம். என்னைக் கூப்பிடாத," என்பதோடு நிறுத்திக்கொண்டவர்.

பொன்னழகு சேவலை அவர் முன்னால் தரையில் விட்டாள்.

"ஒத்த றெக்கை," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சாயுதா?"

"சாஞ்சு விழுது."

"அப்பச் சரியாத்தான் வெட்டிருக்கேன்."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் காலால் எத்தினாள். அது உருண்டு போய்ச் சுவரில் மோதியது.

"ஏ புள்ள! பைத்தியமா உனக்கு?"

"ஆமா, பைத்தியந்தான். உங்க உசுருக்காகப் புடிச்ச பைத்தியம். ஊருல எந்தக் கை வெட்டுனாலும் பொறுத்துக்குவேன். உங்க கை எப்படித்தான் வந்துச்சு?"

"ஏன் வராது? அங்க போயி நாத்தங்காலைப் பாத்தியா? விடியக்காலம் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்னாரு. பேசல. திட்டல. நேத்து அது வேரோட பெயர்த்துப் போட்ட நாத்தை ஒரு கை நிறைய அள்ளி வேலிக்கு மேல நீட்டுனாரு. அம்புட்டுத்தான். அந்தக் கை என்னைய வெடிக்காத வேட்டுக்குப் பக்கத்துல இருந்து தூக்குன கை. அதுல பிஞ்ச நாத்தைப் பாத்துட்டு நான் என்ன செய்ய? 'அது சாமி சேவல், மேயட்டும்ணே'ன்னு சொல்லவா?"

"நேந்துவிட்டதுக்கு வேலி கெடையாது!"

"மதினி என்ன பாவம் பண்ணுச்சு? நேந்தது நீ. அழியுறது அதோட நாத்தா?"

"அதை எங்கிட்டச் சொல்லிருக்கலாமுல்ல? 'கட்டிப் போடு, ரெண்டு நாள்தானே'ன்னு ஒரு வார்த்தை?"

"சொன்னாக் கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன்! அதுக்காகத் திருடன் மாதிரி விடியும் முன்னே வெட்டுவீகளா?"

மலைச்சாமி கம்பை ஊன்றி எழுந்தார். "இந்தா பாரு. என்னைக் காப்பாத்துனது அண்ணன். கருப்பன் கெணத்துக்குள்ள இறங்கல."

"அண்ணன் உடம்பைத் தூக்கியாந்தாக. இல்லேங்கல. காலம் பூரா கும்புடுறேன். உடம்புல மூச்சு நிக்குமான்னு மூணு நாள் தரையில கெடந்து பாத்தவ நான். அந்த மூணு நாளும் என் கூட இருந்தது யாரு? உங்க இயக்கத்து ஆளு ஒருத்தன் வந்தானா? எனக்குக் கும்புட ஒரு ஆளு வேணுமா இல்லையா?"

அவள் விடவில்லை.

"பூசாரி சொல்லிட்டாரு. வெட்டுன கை வெள்ளிக்கிழமை ஈரவேட்டியோட வரணும். சேவலைக் காலடியில வச்சு மன்னிப்புக் கேக்கணும்."

மலைச்சாமி சத்தம் போட்டுச் சிரித்தார். "நானா? கறுப்புச் சட்டையோட கருப்பன் முன்னாடியா?"

"சட்டையைக் கழட்டிட்டு நில்லுங்க."

"தலையைக் கழட்டுனாலும் நிக்க மாட்டேன். மதினி கால்ல விழச் சொல்லு, விழுறேன். கல்லு முன்னாடி நிக்க மாட்டேன்."

"மதினியைச் சொல்லாதீக!" அவள் குரல் கிறீச்சிட்டது. "உங்களுக்குப் பதிலா அதுதான் இன்னைக்குக் கையைப் பொசுக்கிக்கிட்டு நின்னுச்சு."

சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன சொல்ற?"

"நான்தான் பொசுக்க வச்சேன். அதுதான் வெட்டுச்சுன்னு நெனச்சு ஊரைக் கூட்டுனேன். கல்லுல சூடம் வைக்கப் போன பூசாரியைத் தடுத்து, கையில ஏத்தச் சொன்னேன். ஏத்திச்சு. சத்தியம் பண்ணுச்சு."

"என்னன்னு பண்ணுச்சு? சொன்ன வார்த்தையைச் சொல்லு."

"'எங்க வீட்டுக் கை எதுவும் இது மேல படல. பட்டிருந்தா எங்க வீட்டு விளக்கு அணைஞ்சு போகட்டும்.'"

மலைச்சாமி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கம்பு கையிலிருந்து நழுவியது.

"என்ன?" என்றாள் பொன்னழகு. "ஏன் அப்படிப் பாக்குறீக?"

அவர் முற்றத்து மூலையில் நின்ற கொடுக்காப்புளி மரத்தைப் பார்த்தார். செவலை இரவில் அடைவது அதன் உச்சிக் கிளையில்தான்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு அம்புட்டு உயரம் நான் ஏற முடியுமா?" என்றார் தணிந்த குரலில். "அண்ணன்தான் வேலியைத் தாண்டி வந்து ஏறுனாரு. அவருதான் இறக்கியாந்து அமுக்கிப் பிடிச்சாரு. நான் கத்தரியைப் போட்டேன். முடிச்சதும் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம். 'சுடுதண்ணி வச்சுக் காலுக்கு ஊத்துறியாடா'ன்னு கேட்டாரு. மூணு வருசத்துல எங்கிட்டப் பேசுன மொத வார்த்தை. சந்தைக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு. மதினிகிட்டச் சொல்லிருக்க மாட்டாரு. சொல்லிருந்தா அது சத்தியம் பண்ணுமா?"

பொன்னழகுக்கு எதிரே நின்ற ஆளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்க முடியாத கை தன் தொடையிலேயே அறைந்துகொண்டது.

"நல்லாருக்கு! ரொம்ப நல்லாருக்கு! அண்ணனும் தம்பியும் மரத்தடியில கூடிக் குலாவுவீக. பொம்பளைக ரெண்டு பேரும் ஊருக்கு நடுவுல நாயாட்டம் கடிச்சுக்கணும். ஒருத்தி நேர்ச்சை அந்தரத்துல. இன்னொருத்தி சத்தியம் பொய்யாயிருச்சு. ஒரு வார்த்தை! ரெண்டு ஆம்பளையில ஒரு ஆம்பளை ஒரு வார்த்தை பொண்டாட்டிகிட்டச் சொல்லிருந்தா?"

"நான் போயி மதினிகிட்ட நடந்ததைச் சொல்லிட்டு வாரேன்."

"என்னன்னு சொல்லுவீக? 'நீ பொய்ச்சத்தியம் பண்ணிட்ட மதினி'ன்னா? அது கும்புடுற ஆளு. உங்களை மாதிரி இல்ல. கேட்ட எடத்துலயே விழுந்து செத்துப் போகும்."

"அப்பச் சொல்லாம இருப்போம்."

"சொல்லாம இருந்தா வெள்ளிக்கிழமை என்ன ஆகுறது? உங்க கை வரலேன்னா நேந்தது தீராது. வந்தா, வெட்டுனது நீங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சு போகும். மரத்துல ஏறுனது யாருன்னு அடுத்த கேள்வி வரும்."

"அதான் சொல்றேன், நான் வரவே மாட்டேன்."

"வராதீக! போங்க! உங்க கொள்கையைக் கட்டிக்கிட்டு நீங்க நிம்மதியா இருங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆனா அப்ப என் கழுத்தைப் பாத்து ஊரு சொல்லும், உங்களுக்குக் காது கேக்காது!"

மலைச்சாமி கம்பைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். கதவை அறைந்து சாத்தினார். கீல் அதிர்ந்தது.

அன்றைக்குப் பகல் முழுக்க அந்த வீட்டில் அடுப்பு புகையவில்லை. பொன்னழகு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினாள். களை இருந்த இடம், இல்லாத இடம் எல்லாவற்றையும் கொத்தினாள். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு ஆள். ஒரு கொத்து புருசனுக்கு. ஒரு கொத்து வாய் பேசாத மூத்தவருக்கு. ஒரு கொத்து, கையில ஏத்து என்று சொன்ன தன் வாய்க்கு. அந்தக் கொத்து ஆழமாக விழுந்து, கத்தரிச் செடி ஒன்று வேரோடு வந்துவிட்டது.

பொழுது சாய்ந்தது. மாட்டைப் பிடித்துக் கட்டுகிற நேரம். சந்தையிலிருந்து வண்டி திரும்பிய சத்தம் வேலிக்கு அந்தப்புறம் கேட்டது. வேலுசாமி தொண்டையைச் செருமுவதும், தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்வதும் கேட்டது. ஒச்சம்மாளின் குரல் ஏதோ கேட்டது. பதில் வரவில்லை. மறுபடி கேட்டது. அப்போதும் வரவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் நின்றுபோனது.

பொன்னழகு களைக்கொத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேலியில் சருகு நொறுங்கியது.

ஒச்சம்மாள் வந்து நின்றாள். காலையில் கத்திய ஒச்சம்மாள் இல்லை. வலது உள்ளங்கையில் வாழைச்சாறு நனைத்த துணி சுற்றியிருந்தது. இடது கையால் கிளுவைக் குச்சியைப் பிடித்திருந்தாள்.

"சண்டைக்கு வரல," என்றாள்.

பொன்னழகு தலையை நிமிர்த்தவில்லை. கொத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மண் எப்போதோ போய்விட்டிருந்தது.

"காலையில எங்கிட்டச் சத்தியம் வாங்குனீயே, இப்ப நீ ஒரு உண்மை சொல்லு. சூடம் வேணாம். வாயால சொன்னாப் போதும்."

முற்றத்து மூலையில் கொடுக்காப்புளி மரத்தடியில் செவலைச் சேவல் நின்று அண்ணாந்து கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒச்சம்மாளின் பார்வை அந்தச் சேவல் மேல் விழுந்து, அங்கிருந்து மரத்தில் ஏறி, முள்ளும் இலையுமாக இருட்டிக்கொண்டிருந்த உச்சி வரைக்கும் போயிற்று.

"எங்க வீட்டு மனுசன் குளிக்கச் சட்டையைக் கழட்டுனாரு பொன்னழகு. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் முள்ளுக் கீறலாக் கெடக்கு… அவரு எந்த மரத்துல ஏறுனாரு?"